டம்டம் தந்த பாடம்

ஊர்ப்பெயரை விளங்கச் செய்தல் இளைஞர் கடனென நாம் கரவெட்டியிற் பேசுகின்றோம். கல்கத்தாவை அடுத்த டம்டம் என்னும் ஊரின் பெயரோ ஒரு துவக்குக் குண்டினால் உலகறிந்ததாயிற்று.

1895இல், இன்று பாகிஸ்தானிலுள்ள சித்திராலிற் போரிட்ட பிரித்தானியப் படையினர் தம் புதிய லீ-மெற்போட் துவக்கைக் குறைகூறினர். பழைய மாட்டினி-ஹென்றியின் 0.45 அங்குல ஈயக்குண்டு எதிரியை வீழ்த்தும். உலோக உறையிட்ட 0.303 அங்குலக் குண்டோ உடலைத் துளைத்தேக, அடிபட்டவன் மேலும் பாய்ந்து வருகிறான் என்பதே அவர்தம் முறைப்பாடு.

டம்டம் படைக்கலச்சாலையிற் கப்டன் பேட்டி-கிளே உறையின் நுனியை நீக்கி ஈயமுனையை வெளித்தோன்றச் செய்தார். அக்குண்டு உடலுட் புகுந்து விரிந்து பெரும்புண் விளைத்தது. 1899இல் ஹேக் மாநாடு இத்தகைய குண்டுகளைத் தடைசெய்தது; பிரித்தானியா 1907இலேயே இணங்கியது.

தம் உயிர் காக்க வீரர் கேட்டதிற் பிழை காணோம். ஆயினும் கருவியின் வலிமையைக் கையாள்வோன் அறிவான். அதன் எல்லையை அறமே வகுத்தல் வேண்டும்.