தரங்கம்பாடி மிஷனில் ஒரு நாள்

1706 ஜூலை 9. டென்மார்க்கிலிருந்து கிளம்பி ஏழு மாதத்துக்கு மேல் கடலில் இருந்த இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள், பார்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளூட்சோவும், தரங்கம்பாடியில் கரை இறங்கினார்கள். கையில் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்கின் ஆணை இருந்தது. ஆனால் காலையில் வந்தவர்களை டேனிஷ் கோட்டையின் தலைவர் ஹாசியஸ் மாலைவரை காக்க வைத்தார். பிறகு கடைத்தெருவரை கூட்டிக்கொண்டு போய் அங்கேயே விட்டுவிட்டு நடையைக் கட்டினார். டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே வந்தது வியாபாரத்துக்கு. அடிமைகளுக்கும் ஏழைகளுக்கும் வேதம் சொல்ல ஆள் வந்தால் ஊரில் குழப்பம் வரும் என்பது கம்பெனியாரின் கணக்கு.

மிஷனரிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதற்கு அடுத்து நேராக 1715-க்குத் தாவிவிடுவார்கள்: தமிழில் அச்சான புதிய ஏற்பாடு, அச்சகம், காகித ஆலை. அவை பெரிய காரியங்கள்தான். ஆனால் அந்தப் பெருமைக்கு முன்னால் சீகன்பால்கின் நாள்கள் எப்படிக் கழிந்தன என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும் என்பேன். அவருடைய கடிதங்களே அதைச் சொல்கின்றன. போதித்த நேரத்தைவிட அவர் பாடம் கேட்ட நேரமே அதிகம்.

கரையோரத்தில் அன்று ஐரோப்பியரோடு பேசப் போர்த்துகீசியம் போதும். புளூட்சோ அந்தப் பக்கம் போனார். சீகன்பால்கு தமிழைப் பிடித்துக்கொண்டார். எழுபது வயது வாத்தியார் ஒருவரை, பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வந்து பள்ளிக்கூடம் நடத்தும்படி வேண்டிக்கொண்டார். சிறுவர்களின் வரிசையில் தாமும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மணலில் விரலால் 'அ', 'ஆ' எழுதினார். அந்தத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் கொன்றை வேந்தனையும் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் 1708-க்குள் அவர் ஜெர்மன் மொழியில் பெயர்த்துவிட்டார் என்பதை நினைத்தால், அந்த மணலில் அவர் எவ்வளவு ஆழ்ந்து உட்கார்ந்திருக்கிறார் என்பது புரியும்.

அதற்குப் பிறகு அன்றாட ஒழுங்கு ஒன்று உண்டாயிற்று. காலை 7 மணிமுதல் 8 வரை, முன்பு கற்று எழுதிவைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பது. 8 முதல் நண்பகல் 12 வரை, இதுவரை வாசிக்காத தமிழ் நூல்களை மட்டுமே வாசிப்பது. அந்த நான்கு மணி நேரமும் பக்கத்தில் இரண்டு பேர்: வயதான புலவர் ஒருவர், எழுத்தர் ஒருவர். புதுச்சொல் எதிர்ப்பட்டால் எழுத்தர் உடனே குறித்துக்கொள்வார். கடினமான செய்யுளைப் புலவர் பேச்சுத்தமிழில் உடைத்துச் சொல்வார். சாப்பிடும்போதும் யாராவது வாசிக்க, கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். 3 மணியிலிருந்து 5 வரை மறுபடியும் ஏடு. இரவு 7 முதல் 8 வரை கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பது. தாம் பேசவும் எழுதவும் பின்பற்றத்தக்க நடை உள்ள நூல்களையே அதற்குத் தேர்ந்தெடுத்தார்.

இந்த அட்டவணையை மேற்கோள் காட்டுகிறவர்கள் சீகன்பால்கின் உழைப்பை வியந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கோ பக்கத்தில் உட்கார்ந்த அந்த இருவரிடமிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. நாள்தோறும் நான்கு மணி நேரம், கேள்விக்குமேல் கேள்வி கேட்கும் அந்நியருக்கு ஒரு செய்யுளைப் பதம் பிரித்து, பொருள் சொல்லி, உலக வழக்கில் மாற்றிச் சொல்வது எவ்வளவு பெரிய வேலை! முதல் நாள்களில் அழகப்பன் என்பவர் மொழிபெயர்த்து உதவினார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பேசக்கூடியவர். ஓலைச்சுவடிகளை வாங்கவும் சீகன்பால்கு தமிழ் எழுத்தர்களையே உள்நாட்டுக்கு, பல நாள் நடைத் தொலைவுக்கு அனுப்பினார். அங்கே விதவைகளிடம் ஏடுகள் மலிவாகக் கிடைத்தன. அப்படிச் சேர்ந்த ஏடுகளில் தொல்காப்பியமும் திருக்குறளும் இருந்தன. 1708-இல் அவர் எழுதிய பட்டியலில் 119 தமிழ் நூல்களைப் பற்றிக் குறிப்பு இருக்கிறது. அந்தக் குறிப்புகளில் புலவரின் குரலும் கலந்திருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

படிப்பு ஒருபக்கம்; பிழைப்பு மறுபக்கம். 1707 மே மாதம் டேனிஷ்காரர்களின் அடிமைகள் ஐந்து பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் சிறிய கோயில் ஒன்று எழுந்தது. ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்துப் பள்ளி நடத்தப் பணம் வேண்டும். அது ஐரோப்பாவிலிருந்து கப்பலில்தான் வரவேண்டும். ஒருமுறை வந்த பணப்பெட்டி கரைக்குக் கொண்டுவரும் வழியில் கடலில் விழுந்து போனது. கடிதம் எழுதிப் பதில் கிடைக்க ஒரு வருடத்துக்குமேல் ஆகும். அதுவரை இருப்பதைக் கொண்டு நடத்த வேண்டியதுதான்.

கோட்டையோடு இருந்த உரசலும் ஓயவில்லை. ஏழை விதவை ஒருத்தியின் வழக்கில் பரிந்து பேசப்போக, 1708 நவம்பரில் ஹாசியஸ் சீகன்பால்கைப் பிடித்து டான்ஸ்போர்க் கோட்டையில் அடைத்தார். நான்கு மாதச் சிறை. புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்த நேரம் அது. தொடக்கத்தில் பேனாவும் மையும்கூடக் கொடுக்கவில்லை. வெளியே வந்தவர் விட்ட இடத்தில் பிடித்து, 1711 மார்ச்சில் அந்த மொழிபெயர்ப்பை முடித்தார்.

ஆனால் அந்தப் புலவரோடு உட்கார்ந்து கற்ற எல்லாவற்றுக்கும் ஐரோப்பாவில் வரவேற்பு கிடைத்துவிடவில்லை. தமிழரின் தெய்வங்களைப் பற்றி, தமிழர்கள் எழுதிக்கொடுத்த கடிதங்களையும் வாசித்த ஏடுகளையும் வைத்து, 1713-இல் சீகன்பால்கு பெரிய நூல் ஒன்றை ஜெர்மன் மொழியில் எழுதி ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கே மிஷனுக்குத் துணையாக இருந்த பேராசிரியர் பிராங்கேவுக்கு அது பிடிக்கவில்லை. புறச்சமயத்தை வேரறுக்கத்தான் ஆள் அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்பது அவருடைய எண்ணம். கையெழுத்துப் படி அப்படியே கிடந்தது. சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23-இல், 36 வயதில், தரங்கம்பாடியிலேயே காலமானார். அந்த நூல் அச்சேறியது 1867-இல். அதுவும் ஹாலேயில் அல்ல, சென்னையில்.