பரம்பரையும் மார்பகப் புற்றுநோயும்

“தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை” என்பது நம் பழமொழி. நிறமும் குரலும் நடையும் தாயிடமிருந்து மகளுக்கு வருவதைக் கண்டு மகிழ்ந்தவர்கள் சொன்ன சொல் அது. ஆனால், நோயும் அவ்வாறே வருமோ என்று எண்ணும்போது அதே சொல் நெஞ்சைச் சுடுகிறது. கல்லூரி மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: “என் தாய் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். என் தலையிலும் அதுவே எழுதியிருக்கிறதா?” அவளுக்கு நான் விடையாகச் சொன்ன சரித்திரத்தையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

பால் புரோக்கா என்பவர் பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர். அவர் தம் மனைவியின் குடும்பத்தை நான்கு தலைமுறை வரை ஆராய்ந்து, 1866-ஆம் ஆண்டில் எழுதினார். அக்குடும்பத்தில் 24 பெண்களில் 10 பேர் மார்பகப் புற்றுநோயால் மாண்டிருந்தனர். இது தற்செயலன்று என்பது தெளிவு. ஆயினும், வழிவழியாக இறங்கி வருவது எது என்பதை அறிய அன்று வழியில்லை. அதே 1866-இல்தான் மெண்டல் என்னும் துறவி, பட்டாணிச் செடிகளைக் கொண்டு தாம் கண்ட பாரம்பரிய விதிகளை அச்சிட்டார். அவ்விதிகளின் அருமையை உலகம் உணர மேலும் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அமெரிக்காவில் மேரி கிளேர் கிங் என்னும் அம்மையார் 1974 முதல் இக்கேள்வியை எடுத்துக்கொண்டார். ஐயுற்றவர் பலர், அவர் தளரவில்லை. நோய் மிகுந்த 23 குடும்பங்களை ஆராய்ந்து, 17-ஆம் குரோமோசோமில் காரணம் மறைந்திருக்கிறது என்று 1990-இல் காட்டினார். அவ்விடத்து மரபணு 1994-இல் பிரித்தறியப்பட்டது. அதுவே பி.ஆர்.சி.ஏ.-1. மறு ஆண்டில் பி.ஆர்.சி.ஏ.-2 கிடைத்தது. உயிரணுவில் டி.என்.ஏ. இழை அறுந்தால் அதைச் செப்பனிட உதவுவது இவற்றின் பணி. பழுதுற்ற பிரதியைப் பெற்ற பெண்கள் நூற்றுவரில், 80 வயதுக்குள் ஏறத்தாழ 70 பேருக்கு நோய் வரக்கூடும். அப்பிரதி தாய்வழியாக மட்டுமன்றித் தந்தைவழியாகவும் வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

ஆனால், மார்பகப் புற்றுநோய் கண்டவர்களுள் மிகச் சிலரிடமே இத்தகைய பழுது காணப்படுகிறது. ஏனையோர்க்குப் பரம்பரையில் பங்கு இல்லையா? உண்டு. டி.என்.ஏ. நான்கெழுத்துச் சுவடி. அதில் சில இடங்களில் மக்களுள் பலருக்கு ஓர் எழுத்து மாறியிருக்கும். 2007-இல் டக்ளஸ் ஈஸ்டன் தலைமையிலான குழுவினர், அத்தகைய மாறுதல்கள் சிலவற்றை இந்நோயுடன் தொடர்புபடுத்தினர். அவற்றுள் வலிமை மிக்கது, ஒரு பிரதிக்கு அபாயத்தை ஏறத்தாழக் கால்பங்கே கூட்டுவது. 2017-இல் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து, மேலும் 65 இடங்களைக் கண்டனர். இவை ஒவ்வொன்றும் தராசுத் தட்டில் இட்ட ஒரு நெல்மணி போன்றது. ஒரு மணியால் தட்டு தாழாது. பல சேர்ந்தால் தாழும். இம்மணிகளுள் சில நம் ஒவ்வொருவரிடமும் உண்டு. ஆகவே, பரம்பரை அபாயம் என்பது சபிக்கப்பட்ட சில குடும்பங்களின் தனிச்சொத்தன்று.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அப்பெண்களுள் பெரும்பாலோர் ஐரோப்பிய வழியினர். அவர்களைக் கொண்டு வகுத்த கணக்கு, பிற நாட்டுப் பெண்களுக்கு அத்துணைத் துல்லியமாகப் பொருந்துவதில்லை. இன்று படிக்கும் உங்களுக்கு இங்கே பணி காத்திருக்கிறது.

அம்மாணவிக்கு நான் சொன்னது இதுதான்: “தாய்க்குப் பழுதுற்ற மரபணு இருந்தாலும், மகளுக்கு அது வருவதற்கும் வராமைக்கும் சமவாய்ப்பே. வந்தாலும் அது அபாயத்தின் அளவு, தலையெழுத்தன்று. அளவு தெரிந்தால் காத்துக்கொள்ள வழியுண்டு.” அவள் தாய்வழியிலும் தந்தைவழியிலும் யாருக்கு, எந்த வயதில் நோய் கண்டது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் சென்றாள். 1866-இல் புரோக்கா தொடங்கியதும் அப்படி ஒரு தாளில்தான்.