விருந்தினருக்கு ஏற்ற வீடு

உப்பு நீரில் கரையும். பென்சீன் போன்ற திரவங்களில் கரையாது. இப்பழைய விதிக்கு ஒரு விலக்கைக் கண்டவர் சார்லஸ் பெடர்சன். கொரியாவில் 1904-ஆம் ஆண்டில் பிறந்து, அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் பணியாற்றியவர். வேறொரு பொருளைச் செய்ய முயன்றபோது அவருக்குச் சிறிதளவு வெண்படிகங்கள் கிடைத்தன. அவற்றின் மூலக்கூறு கிரீடம் போன்ற ஒரு வளையம். அதன் நடுவே பொட்டாசியம் அயனி பொருந்தி அமர்ந்தது. அமர்ந்ததும் உப்பு கரைந்தது. இதனை அவர் 1967-இல் வெளியிட்டார்.

பிரான்சில், ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து ழான்-மாரி லேன் 1969-இல் அவ்வளையத்தைக் கூண்டாக விரித்தார். டொனால்டு கிராம், பற்றும் மூலக்கூறை விருந்தளிப்பவர் என்றும், பற்றப்படுவதை விருந்தினர் என்றும் வழங்கினார். மூவரும் 1987-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அதே ஆண்டில் லேனின் ஆய்வுக்கூடம் 'ஹெலிகேட்' என்னும் திருகு மூலக்கூறுகளை அறிவித்தது. செம்பு அயனி நான்கு பிணைப்புகளை நாடும். ஓரிழை அதற்கு இரண்டையே தரும். ஆகவே மற்றோரிழையும் வந்து உடன் முறுக்கிக்கொள்கிறது.

1996-இல் இரும்பு குளோரைடைக் கொண்டு இம்முறையைச் செய்தபோது, ஐந்து இரும்பு அயனிகளும் ஐந்து இழைகளும் கூடி வட்டமாயின. நடுக்குழியில் ஒரு குளோரைடு அயனி இருந்தது. இரும்பின் நேர்மின்னேற்றமும், உள்நோக்கிய ஹைட்ரஜன் அணுக்களும் அதனை இறுகப் பற்றியிருந்தன. மறு ஆண்டில் சல்பேட் உப்பை எடுத்தபோதோ, ஐந்து ஆறாயிற்று! வீட்டைக் கட்டிவிட்டு விருந்தினரை அழைக்கவில்லை. வந்த விருந்தினரின் அளவுக்கு வீடே தன்னை வகுத்துக்கொண்டது.

இதனால் நமக்கு என்ன பயன் எனலாம். 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில், கிணற்றுநீரின் ஃபுளோரைடு மக்களின் எலும்பைக் கெடுப்பதை மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். நல்கொண்டாவிலும் ராஜஸ்தானத்திலும் வாழும் நம்மவர்க்கும் அத்துன்பம் புதிதன்று. ஹெலிகேட்டுகள் அந்நீரைத் தெளிவிக்கும் கருவிகள் அல்ல. ஆயினும், பல அயனிகள் கலந்த நீரில் ஒன்றை மட்டும் தெரிந்து பற்றுவது எங்ஙனம் என்பதே இரண்டிற்கும் பொதுவான கேள்வி. குழியின் அளவும், மின்னேற்றமும், உள்நோக்கி நிற்கும் அணுக்களும் அதற்கு விடை தருவன என்பதை அந்த இரும்பு வட்டங்கள் நமக்குக் காட்டியுள்ளன.