வல்லத்துப் படிகமும் மலையகத்து மூக்குக்கண்ணாடியும்

என் பாட்டனார் மஸ்கெலியாத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். மழைக்காலத்தில் மலையில் வழுக்கி விழுந்தபோது அவரது மூக்குக்கண்ணாடியின் வலது வில்லையில் விரிசல் கண்டது. மாற்றுவதற்குக் காசில்லை. அந்த விரிசலின் ஊடாகவே பல ஆண்டுகள் கொழுந்தின் நிறையைப் பதிந்தார். வில்லை எதனால் ஆனதாக இருக்க வேண்டும் என்ற கேள்வி எனக்கு அங்கிருந்தே தொடங்குகிறது.

தமிழகத்தில் அக்கேள்விக்குப் பழைய விடை தஞ்சைக்கு அருகிலுள்ள வல்லம். அங்கு கிடைத்த படிகக் கல்லைச் சாணைபிடித்து மூக்குக்கண்ணாடி செய்தார்கள். படிகம் கண்ணாடியைவிடக் கடினமானது. எளிதில் கீறல் விழாது. கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். தொட்டால் சில்லிடுவது உண்மை. வெப்பத்தை விரைந்து கடத்துவதே காரணம். பார்வைக்கு அதனால் இலாபமில்லை. தவிர, படிகத்துள் நுழையும் ஒளி இரண்டாகப் பிரியும். அதன் அச்சை அறிந்து வெட்டாவிட்டால் உருவம் இரட்டிக்கும். எல்லாம் சாணைபிடிப்பவரின் கையில் இருந்தது.

பிறகு கண்ணாடியே கோலோச்சியது. தெளிவானது, ஆனால் பாரமானது, உடைவது. அதற்கு மாற்று, கண்ணாடி உற்பத்தியாளரிடமிருந்தே வந்தது வேடிக்கை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பிளேட் கிளாஸ் நிறுவனத்தைச் சார்ந்த வேதியியலாளர் 1940இல் உருவாக்கிய சி.ஆர்.39 என்ற பிளாஸ்டிக், முதலில் குண்டுவீச்சு விமானங்களில் பயன்பட்டது. 1947இல் கலிபோர்னியாவில் அது மூக்குக்கண்ணாடி வில்லையாயிற்று. நிறை கண்ணாடியில் ஏறத்தாழப் பாதி. 1953இல் கண்டறியப்பட்ட பொலிகார்பனேட் 1980களில் வில்லையாக வந்தது. அது லேசில் உடையாது. ஆனால் மேற்பூச்சு இல்லாவிட்டால் விரைவில் கீறல் விழும். ஓரங்களில் நிறம் சிதறித் தெரிவதும் உண்டு.

வழுக்கும் மலைச்சரிவில் கூடை சுமந்து நிற்பவருக்கு, மேற்பூச்சிட்ட பிளாஸ்டிக்கே பொருத்தம் என்பது என் எண்ணம். ஆனால் வில்லையின் வகையைப் பேசுமுன், வில்லை என்று ஒன்று இருக்க வேண்டுமே! அசாம் தேயிலைத் தோட்டங்களில், வெள்ளெழுத்துக் கண்ட, 40 வயதும் அதற்கு மேலுமான 751 தொழிலாளரிடையே நடந்த ஆய்வொன்று 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளிவந்தது. கண்ணாடி பெற்றவர்கள் பறித்த கொழுந்து, பெறாதவர்களோடு ஒப்பிடுகையில் சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. நிறை குறைந்தால் அரைப்பேர் விழும் எங்கள் மலைகளில் அந்த எண்ணிக்கையின் பொருளை விளக்கத் தேவையில்லை.

அண்மையில் ஊருக்குப் போனபோது கொழுந்தெடுக்கும் ஓர் அம்மாவின் முகத்தில் மூக்குக்கண்ணாடி கண்டேன். பிளாஸ்டிக் வில்லை, ஈரச்சேலையால் துடைத்துத் துடைத்து வெளிறியிருந்தது.

"என்ன பவர் அம்மா?" என்றேன்.

"தெரியாதுங்க ஐயா. பஸ் ஸ்டாண்டு கிட்ட வித்தாங்க. போட்டுப் பார்த்தேன், கையில ரேகை தெரிஞ்சுச்சு. வாங்கிட்டேன்."