வேனில் போய்ப் படகில் திரும்பும் தீவு

கரீபியன் கடலில் உள்ள செயின்ட் லூசியா, சிங்கப்பூரை விடச் சிறிய தீவு. பரப்பளவு சுமார் 616 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை இரண்டு லட்சத்துக்கும் குறைவு. கப்பலில் வந்து இறங்கும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு இங்கே விற்கப்படும் சரக்குகளில் ஒன்று 'நிலமும் கடலும்' என்ற முழுநாள் சுற்றுலா. காலையில் தலைநகர் காஸ்ட்ரீஸில் வேன் ஏறினால் வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில் தெற்கே சூஃப்ரியேர் என்ற ஊர் வரும். அங்கே எரிமலை, வெந்நீர்க் குளியல், மதியச் சாப்பாடு. பிறகு கேட்டமரான் படகில் ஏறி, வழியில் பவளப்பாறைகளுக்கு மேல் நீந்திவிட்டு மாலையில் மறுபடியும் காஸ்ட்ரீஸ். (கேட்டமரான் என்ற பெயரே நம்ம கட்டுமரத்தில் இருந்து போனதுதான்!)

பார்ப்பதற்கு வெறும் உல்லாசப் பயணம். ஆனால் இந்த வேனும் படகும் போகிற வழி நெடுக யாரோ எதற்காகவோ போராடியிருக்கிறார்கள்.

காஸ்ட்ரீஸைத் தாண்டியதும் வருவது ரோசோ பள்ளத்தாக்கு. இங்கே முதலில் கரும்பு. 1960-களில் கரும்பு ஓய்ந்து வாழை வந்தது. பிரிட்டிஷ் கம்பெனிக் கப்பல்கள் வாழைத்தாரை ஏற்றிக்கொண்டு நேராக இங்கிலாந்துக்குப் போயின. பழைய காலனி என்பதால் அங்கே சலுகை உண்டு. வியாபாரத்தில் இதை விட நிம்மதி வேறென்ன? 1990-களில் அந்தச் சலுகைக்கு எதிராக அமெரிக்காவும் ஈக்வடார் முதலான நாடுகளும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு, 1997-ல் ஜெயித்தன. மலைச்சரிவில் சில ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி, ஈக்வடாரின் பெரிய பண்ணைகளோடு விலையில் எப்படி மோதுவார்? நிறையப் பேர் வாழையை விட்டார்கள். ஒரே சரக்கு, ஒரே வாடிக்கையாளர் என்று இருந்தால் இதுதான் கதி. சுற்றுலாவைத் தீவு இவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொண்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சூஃப்ரியேரில் பயணிகள் குளிக்கிற டயமண்ட் வெந்நீர்த் தொட்டிகளுக்கும் ஒரு கதை இருக்கிறது. 1784-ல் பதினாறாம் லூயி மன்னரின் படைவீரர்கள் உடம்பு வலி தீரக் குளிப்பதற்காகப் பிரெஞ்சு கவர்னர் கட்டியது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பெரும்பாலும் இடிந்து போனது. இந்தத் தீவு பிரெஞ்சுக்காரர்களிடம் ஏழு முறை, பிரிட்டிஷாரிடம் ஏழு முறை இருந்ததாகச் சொல்வார்கள். 1814-ல்தான் பிரிட்டன் கையில் நிலைத்தது. விடுதலை கிடைத்தது 1979 பிப்ரவரி 22-ல்.

ஆனால் உண்மையான சண்டை இரண்டு ராஜாங்கங்களுக்கு நடுவில் நடந்தது அல்ல. 1794-ல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. அதே ஆண்டு பிரிட்டன் தீவைப் பிடித்தது. பிரிட்டிஷ் ஆட்சி என்றால் திரும்பவும் அடிமை வாழ்க்கைதான். கிடைத்த சுதந்திரத்தை விட மனமில்லாதவர்கள் காட்டுக்குள் போய் ஆயுதம் எடுத்தார்கள். பிரிட்டிஷார் அவர்களுக்கு வைத்த பெயர் 'கொள்ளைக்காரர்கள்'! 1795 ஏப்ரலில் சூஃப்ரியேர் பக்கத்தில் ரபோ என்ற இடத்தில் இந்தக் 'கொள்ளைக்காரர்கள்' பிரிட்டிஷ் படையைத் தோற்கடித்தார்கள். ஜூன் மாதம் பிரிட்டிஷார் தீவையே விட்டுக் கிளம்பினார்கள். சுமார் ஒரு வருடம் அடிமை இல்லாத தீவு. 1796-ல் ஜெனரல் ஆபர்குரோம்பி பெரும் படையோடு வந்த பிறகும் காட்டுச் சண்டை 1797 வரை ஓயவில்லை. கடைசியில் சரணடைந்தவர்கள் கேட்டு வாங்கிய நிபந்தனை, தங்களை மறுபடி அடிமையாக்கக் கூடாது என்பது. அவர்களைப் படைவீரர்களாக ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். தோட்டங்களில் மிஞ்சியவர்களுக்கு முழு விடுதலை 1838-ல்தான்.

படகில் இருந்து எல்லோரும் போட்டோ எடுக்கும் இரட்டை மலைகள் பிட்டோன்கள். 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனவை. அதில் குரோ பிட்டோன் அடிவாரத்தில் உள்ள கிராமத்தின் பெயருக்கு 'சுதந்திர மனிதர்களின் பள்ளத்தாக்கு' என்று அர்த்தம். அந்தப் போராளிகளின் வாரிசுகள் ஊர்.

கடல் பகுதிக்கும் சண்டை உண்டு. 1980-களில் சூஃப்ரியேர் கடலில் மீனவர், முக்குளிப்பவர், உல்லாசப் படகுக்காரர் எல்லாரும் முட்டிக்கொண்டார்கள். வலை இழுக்கிற இடத்தில் படகு நங்கூரம் போட்டது. மீன் பிடிக்கிற கூடுகளை முக்குளிப்பவர்கள் சேதப்படுத்துவதாக மீனவர்கள் புகார் சொன்னார்கள். பவளப்பாறையில் மீனும் குறைந்துகொண்டே வந்தது. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின் 1995-ல் கடலையே பாகம் பிரித்தார்கள். சில இடங்களில் மீன் பிடிக்கவே கூடாது, சில இடங்களில் மீனவருக்கே முன்னுரிமை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மீன்பிடி இடம் பறிபோனதால் ஆரம்பத்தில் மீனவர்கள் தவித்துப் போனார்கள். ஆனால் தடை செய்த இடத்தில் பெருகிய மீன் பக்கத்துக் கடலுக்கும் வந்தது. 2001-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வின்படி, ஐந்தே ஆண்டுகளில் பக்கத்து இடங்களில் மீன்பாடு, கூடு வகையைப் பொறுத்து 46 முதல் 90 சதவீதம் வரை கூடியது. இந்தக் கடல் எல்லைக்குள் சுற்றுலாப் படகுகள் பாறை மேல் நங்கூரம் போடக் கூடாது. மிதவையில்தான் கட்ட வேண்டும்.