நாள்பட்ட குதிகால், தோள்பட்டை வலிக்கு 'ஷாக்வேவ்': பணம் கட்டும் முன் தெரிந்து கொள்ளுங்கள்

ஜொகூர் பாரு, கூலாய், குளுவாங் வட்டாரத்துப் பிசியோதெரபி மையங்கள் பலவற்றின் விளம்பரப் பலகைகளில் இப்போது 'ஷாக்வேவ்' என்ற சொல்லைக் காணலாம். பெயரைக் கேட்டதும் 'கரண்ட் வைத்துவிடுவார்கள்' என்று பயப்படுபவர்கள் உண்டு. அந்தப் பயம் தேவையில்லை. இதில் மின்சாரம் உடலில் பாய்வதில்லை. பாய்வது அழுத்த அலை.

பரவலாகப் பயன்படும் கருவியில், கைப்பிடிக்குள் காற்றழுத்தத்தால் ஒரு சிறு உலோகக் குண்டு ஓடி முனையில் மோதும். அந்த மோதலின் அலை, ஜெல் தடவிய தோல் வழியாக உள்ளே இறங்குகிறது. 'டக் டக்' என்று சத்தம் வரும், கொஞ்சம் வலிக்கவும் செய்யும். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 2,000 அடிகள்; பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வழக்கமாக வாரம் ஒரு முறை, மூன்று முதல் ஐந்து வாரம் செய்வார்கள்.

இந்த அலை முதலில் மருத்துவத்துக்கு வந்தது சிறுநீரகக் கல்லை உடைக்க. 1980இல் ஜெர்மனியின் முனிக் நகரில் முதல் நோயாளிக்குச் செய்தார்கள். பிறகு எலும்புக்கும் தசைநாணுக்கும் பயன்படுத்திப் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நாள்பட்ட குதிகால் வலிக்கு இதை அனுமதித்தது.

நம்மவர்கள் 'நரம்பு இழுத்துக்கொண்டது' என்று சொல்வது பெரும்பாலும் நரம்பே அல்ல. தசையை எலும்போடு பிணைக்கும் நாரான தசைநாண்தான் அது. நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் செம்பனைக் குலை அறுப்பவர் நாள் முழுவதும் தலைக்கு மேல் கை தூக்குகிறார். தோள்பட்டைத் தசைநாண் தேய்கிறது. தொழிற்சாலையின் சிமெண்டுத் தரையில் எட்டு மணி நேரம் நிற்பவருக்குக் குதிகாலில் வலி பிடிக்கிறது. ஓய்வே இல்லாமல் மாதக்கணக்கில் அதே வேலையைச் செய்யும்போது உடல் ஆற்ற முயன்று பாதியிலேயே நின்றுவிடுகிறது. நின்றுபோன அந்த ஆறுதலை மறுபடி தூண்டிவிடுவதே இந்த அடிகளின் நோக்கம்.

அதனால் போன வாரம் சுளுக்கியதற்கு இது பொருந்தாது. புதிய குதிகால் வலிக்குப் பாதத்தை நீட்டும் பயிற்சியே நல்லது. மூன்று முதல் ஆறு மாதம் பயிற்சி செய்தும் போகாத வலிக்குத்தான் ஷாக்வேவ். தோள்பட்டையில் சுண்ணாம்பு படிந்தவர்களுக்கு இது நன்றாக உதவுகிறது. மற்ற இடங்களில் ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. குதிகால் வலிக்கு 2002இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வில் போலிச் சிகிச்சைக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. இடுப்பிலிருந்து காலுக்கு இழுக்கும் வலிக்கு இதை நம்பிப் போக வேண்டாம்.

கருவியை மட்டும் நம்பினாலும் பலன் குறைவு. குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் வலியில், பயிற்சியோடு ஷாக்வேவும் சேர்ந்தபோது பயிற்சி மட்டும் செய்ததைவிட நல்ல பலன் கிடைத்ததாக 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெல்லக் கீழே இறக்கும் பயிற்சி அது: 15 தடவையாக மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். முழுப் பலன் தெரியவும் ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும். இரண்டே தடவையில் வலி ஓடிவிடும் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள்.

கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், அந்த இடத்தில் புற்றுக்கட்டியோ கிருமித்தொற்றோ உள்ளவர்கள் செய்துகொள்ளக்கூடாது. அண்மையில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் பாதம் மரத்துப் போயிருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். உணர்ச்சி இல்லாத காலில் அடி அதிகமானாலும் தெரியாது.

பத்துத் தடவைக்கும் முன்பணம் கேட்டால் அவசரப்பட வேண்டாம். சிகிச்சை செய்பவர் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி கட்டி முதலில் டாக்டரைப் பார்த்தால், ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனை போன்ற இடங்களின் பிசியோதெரபி பிரிவுக்குக் கடிதம் கேட்கலாம்.

வலி வேலையால் வந்தது என்றால் அதை டாக்டரிடம் தெளிவாகச் சொல்லி எழுத வையுங்கள். பெர்கேசோவிடம் கோரும்போது அந்தக் குறிப்பு உதவும்.