உயர்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி வந்த வழி

உயர்நிலைப் பள்ளியில் பயின்ற எவருக்கும் உடற்பயிற்சிப் பாடவேளை நினைவிருக்கும். நமக்கும் இருக்கிறது. மாலையில் கடைசிக்கு முந்திய மணி அடித்ததும் நாற்பது பேர் வரிசையாக மைதானத்துக்குச் செல்வோம். கைகளை உயர்த்தலும் தாழ்த்தலும், இடப்புறம் திரும்பலும் வலப்புறம் திரும்பலுமாகக் கால் மணி நேரம் கழியும். பின்னர் ஒரே ஒரு பந்து வெளிவரும். நன்றாக ஆடத் தெரிந்தவர் அதனைக் கொண்டு ஆடுவர். எஞ்சியவர் வேப்பமரத்தடியில் அமர்ந்து பார்ப்பர். தேர்வு நெருங்கிவிட்டாலோ, அப்பாடவேளையைக் கணக்காசிரியர் எடுத்துக்கொள்வார். மரத்தடியில் அமர்ந்த அந்தப் பெரும்பான்மையோருக்குப் பள்ளி என்ன கற்றுக்கொடுத்தது என்னும் வினாவை மனத்திற்கொண்டு, இந்தப் பாடம் நம் நாட்டில் வந்த வழியைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

1882ஆம் ஆண்டில் வில்லியம் ஹண்டர் தலைமையில் அமைந்த கல்விக் கமிஷன், மாணவரின் உடல் வளர்ச்சியைப் பற்றியும் ஆராய்ந்தது. நாட்டு விளையாட்டுக்கள், ஜிம்னாஸ்டிக்ஸ், டிரில் முதலியவற்றை அந்தந்தப் பள்ளியின் நிலைமைக்கேற்ப ஊக்குவிக்கவேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. நாட்டு விளையாட்டே அப்பட்டியலில் முதலிடம் பெற்றிருந்தது. ஆயினும் பள்ளிகளில் வேரூன்றியது டிரில்தான். இதற்குக் காரணம் எளிது. டிரிலுக்குப் பந்து வேண்டியதில்லை, வலை வேண்டியதில்லை, கற்றறிந்த ஆசிரியரும் வேண்டியதில்லை. உரத்த குரலுடைய ஒருவர் இருந்தால் இருநூறு பேரை ஒரே வேளையில் ஆட்டிவைக்கலாம். அத்தகைய குரல், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்களிடம் இருந்தது. அவர்களே பள்ளிகளில் டிரில் மாஸ்டர்களாயினர். அவர்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. தமக்குத் தெரிந்ததை அவர்கள் ஒழுங்காகவே கற்பித்தனர். வளரும் பிள்ளையின் உடலைப் பற்றி அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை என்பதே குறை.

அக்குறையைத் தீர்க்க முற்பட்டவர்களுள் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கவர் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர். 1919இல் சென்னைக்கு வந்த அவர், மறு ஆண்டே ஒய்.எம்.சி.ஏ. சார்பில் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கெனச் சிறிய அளவில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே பின்னர் நாடெங்கும் பெயர்பெற்ற கல்லூரியாக வளர்ந்தது. உடற்கூறு, உடலியல், சுகாதாரம் ஆகியவற்றை அறிந்தவரே பிள்ளைகளை ஆட்டக்களத்தில் நடத்தத் தகுதியுடையவர் என்னும் கருத்து இங்ஙனம் இந்நாட்டில் காலூன்றியது. பக் 1943இல் மறையும் வரை இத்தொண்டிலேயே ஈடுபட்டிருந்தார்.

சென்னைக்கு முன்னரே, 1914இல், விதர்ப்பத்தின் அமராவதியில் அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலம் தோன்றியிருந்தது. குஸ்தி, மல்கம்பம், லெஜிம், கபடி ஆகியவை அங்கே புதிய மதிப்புப் பெற்றன. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது இம்மண்டலத்தார் கடல் கடந்து சென்று நம் விளையாட்டுக்களை ஆடிக்காட்டினர். நம்மூர்த் தெருவில் சடுகுடு ஆடிய சிறுவனை வீட்டார் கடிந்துகொண்டிருந்த காலம் அது!

சுதந்திரத்துக்குப் பின்னர், 1952இல் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் இடைநிலைக் கல்விக் கமிஷன் அமைந்தது. தலைவர் மருத்துவர். மறு ஆண்டு வெளிவந்த அறிக்கையில் அவருடைய மருத்துவக் கண் தெரிகிறது. ஒவ்வொரு மாணவனையும் ஆண்டுதோறும் முழுமையாக மருத்துவப் பரிசோதனை செய்யவேண்டும். குறை கண்டால் தொடர்ந்து சிகிச்சை அளிக்கவேண்டும். பயிற்சிகள் அவனவன் உடல் தாங்கும் அளவுக்கு ஏற்றவையாக இருக்கவேண்டும். அவற்றுக்குப் பதிவேடு வேண்டும் என்றெல்லாம் அது கூறிற்று. நாற்பது வயதுக்குட்பட்ட ஆசிரியர் அனைவரும் மாணவரின் விளையாட்டுக்களில் தாமும் கலந்துகொள்ளவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. நம் கணக்காசிரியரும் அதில் அடங்குவார். இதனைவிடத் தெளிவாக எவரும் சொல்லிவிட முடியாது.

ஆனால் நாட்டின் கவலை அப்போது வேறொன்றாக இருந்தது. பிரிவினையில் வீடிழந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் தில்லியில் திரளாக இருந்தனர். இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றியவரும் அந்நாளில் புனர்வாழ்வுத் துணை மந்திரியுமான ஜெனரல் ஜே. கே. போன்ஸ்லே, 1954இல் அங்கே கஸ்தூர்பா நிகேதனில் தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கினார். சிதறிய வாழ்வுக்கு ஓர் ஒழுங்கு அளித்த வகையில் அது அப்பிள்ளைகளுக்கு நன்மையே செய்தது. பின்னர் அது பிற பள்ளிகளுக்கும் பரவியது. அங்கே மீண்டும் அணிவகுப்பு. மீண்டும் கட்டளைக் குரல்.

1957இல் குவாலியரில் லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரி எழுந்தது. 1959-60இல் ஓட்டம், தாண்டுதல் முதலியவற்றுக்கு அளவுகள் வகுத்துத் தேசிய உடல்திறன் இயக்கம் நடைபெற்றது. திட்டங்கள் பலவாகப் பெருகவே, அவற்றை இணைக்கும் வழியை ஆராய்ந்தது எச். என். குன்ஸ்ரு தலைமையில் அமைந்த குழு. அதன் விளைவாக 1965இல் தேசிய உடல்தகுதிப் படை உருவாயிற்று. பெயரிலேயே படை என்பதைக் கவனிக்கவேண்டும். உடல் தகுதி ஒன்றையே வற்புறுத்தி, உடற்கல்வியின் கல்விப் பயனை மறந்துவிடும் போக்கு அண்மைத் திட்டங்களில் காணப்படுகிறது என்று 1966இல் கோத்தாரிக் கமிஷனும் சுட்டிக்காட்ட நேர்ந்தது.

இன்று அறிஞர்கள் உடல்நலத்துக்குரிய தகுதி என்று தனியே ஒன்றைப் பிரித்துக் கூறுகின்றனர். இதயமும் நுரையீரலும் நெடுநேரம் தளராதிருத்தல், தசைகளின் வலிமை, அவை சோராமல் உழைக்கும் திறன், மூட்டுக்கள் எளிதில் வளைதல், உடற்கொழுப்பு அளவோடிருத்தல் ஆகிய ஐந்தும் அதன் கூறுகள். பந்தயத்தில் முந்துவதற்கும் இதற்கும் தொடர்பு குறைவு. வேகமாக நடப்பவனும், மிதிவண்டியில் செல்பவனும், கயிறு தாண்டும் சிறுமியும் இதனைப் பெறலாம். ஐம்பது வயதிலும் காத்துக்கொள்ளலாம். ஐந்து முதல் பதினேழு வயது வரை நாள்தோறும் சராசரியாக அறுபது நிமிடம் உடல் நன்கு உழைக்கவேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவு. மரத்தடியில் அமர்ந்திருந்தவர்களை எழுப்புவதற்கு ஏற்ற பாடம் இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது.

2018இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உடல்நலமும் உடற்கல்வியும் என்னும் பாடவேளையைத் தன் பள்ளிகளில் கட்டாயமாக்கியது. எந்தப் பாட ஆசிரியரும் நடத்தக்கூடிய முறையில் அது வகுக்கப்பட்டது. ஒவ்வொரு மாணவனுக்கும் உடல்நலப் பதிவேடும் உண்டு. 1953ஆம் ஆண்டு அறிக்கையைப் படித்தவர்களுக்கு இவ்விரண்டும் புதியனவாகத் தோன்றா. அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் கணக்காசிரியருக்கு அந்தப் பாடவேளையில் நியாயமாகவே இடம் கிடைத்திருக்கிறது. அவர் அங்கே சுண்ணக்கட்டியுடன் வருகிறாரா, பந்துடன் வருகிறாரா என்பதைப் பிள்ளைகளைக் கேட்டுத்தான் அறியவேண்டும்.